உருளைக்கிழங்கு ஏறிய இலை

என் பெண் தானே பார்த்துவைத்த பையன். அவனும் அவன் அம்மாவும் கல்யாணம் பேச, தி. நகரிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. என்ன சமைப்பது என்று எனக்கு ஒரே குழப்பம்.

"அப்பா, நம்ம பக்கத்துல விளையறதை மட்டும் வெச்சு சமைச்சுடேன். அவருக்கு நாட்டுக் காய்தான் பிடிக்கும்" என்றாள் பெண்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. மனைவி போய்ச்சேர்ந்ததிலிருந்து வீட்டில் என் சமையல்தான். தக்காளி போட்ட சாம்பார், உருளைக்கிழங்கு கறி. இதை விட்டால் உருளைக்கிழங்கு கறி, தக்காளி போட்ட சாம்பார். கைப்பேசியில் தேடினால் தக்காளி நம் ஊர் இல்லையாம், உருளைக்கிழங்கு இல்லையாம், மிளகாய்கூடக் கப்பலில் வந்து இறங்கியதாம். அப்படியானால் இத்தனை காலம் நான் சாப்பிட்டது யாருடைய சாப்பாடு? எரிச்சலாக வந்தது.

மாட வீதியில் காய்காரம்மா என்னைப் பார்த்ததும், "இன்னா சாமி, எப்பவும் போலத்தானே?" என்றாள். நான் யோசிப்பதற்குள் வாழைக்காய், பாகற்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, ஒரு பிடி பிரண்டை எல்லாம் பையில் விழுந்தன. அத்தனையும் நாட்டுக் காய். வேலை முடிந்தது என்று நடந்தேன். தினப்படி காய் வாங்குவது தெருமுனைக் கடையில், இவளிடம் வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அடுப்பைப் பற்றவைத்ததும் கை தானாக ஓடியது. மிளகாய்க்குப் பதில் மிளகு. மோர்க்குழம்பு, பிரண்டைத் துவையல். இனிப்புக்கு எள்ளையும் வெல்லத்தையும் இடித்து உருண்டை பிடித்தேன். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டேன் என்றுதான் புரியவில்லை. போகட்டும், நமக்கும் கைவந்திருக்கிறதே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அழைத்துவரப் போயிருந்த பெண்ணோடு அவர்கள் வந்தார்கள். இலை போட்டுப் பரிமாறினேன். பையன் எள்ளுருண்டையைக் கடித்துவிட்டான். அவன் அம்மா மட்டும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை இறங்கவில்லை. உப்புப் போட மறந்தேனா? தண்ணீர் வைக்கவில்லையா? பெண்ணைப் பார்த்தால் அவள் முகம் வெளுத்திருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ மாமா. இன்னிக்கு ஆத்துல யாருக்காவது திவசமா? சொல்லியிருந்தா நல்ல காரியம் பேச வேற நாள் வந்திருப்போமே" என்றார் அவர்.

அப்போதுதான் அந்த இலை என் கண்ணிலும் பட்டது. வருஷா வருஷம் என் மனைவியின் திவசத்துக்குச் சமையல்கார மாமி வருவார். பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவது நான். தக்காளியும் உருளையும் மிளகாயும் சேராத சமையல் என்று என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கல்யாணம் பேச வந்தவர்களுக்குத் திவசச் சாப்பாட்டைப் போட்டிருக்கிறேன். என்னால் இந்தச் சம்பந்தமே நின்றுவிடுமோ?

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் குழப்பம்தான் கூடியது. காலையிலிருந்து நான் யாருக்காகச் சமைத்தேன்?

அவர் இலையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "உங்காத்து மாமிக்கு இதெல்லாம் பிடிக்குமோ?" என்று கேட்டார்.

"பிடிக்காது. பாகற்காயைத் தொடவே மாட்டா. உருளைக்கிழங்குன்னா உயிர்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது.

அவர் எழுந்துவிட்டார். கிளம்புகிறார் என்று நினைத்தேன். நேராகச் சமையலறைக்குள் போய், "உருளைக்கிழங்கு எங்க வெச்சிருக்கேள்?" என்றார். காட்டினேன். அவரே நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவி முறுகலாக வறுத்துக் கொண்டுவந்து எல்லா இலையிலும் வைத்தார்.

"அம்மா, இது நம்ம ஊர்க் காய் இல்லையே" என்றான் பையன்.

"பேசாம சாப்பிடுடா. திவசத்து இலையில இது ஏறாது. ஏறிடுத்து, அதனால இது திவசம் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார். என் பெண் அழுதுகொண்டே சிரித்தாள்.

வாணலியில் மிச்சமிருந்ததை வழித்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். வருஷா வருஷம் திவசத்தன்று அங்கே பாகற்காயும் எள்ளுருண்டையும் வைத்துவிட்டு, தொண்டை வறள, கா கா என்று கத்துவேன். காக்காய் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து யோசிக்கும். அன்றைக்கு நான் வாயைத் திறப்பதற்குள் வந்துவிட்டது.