சுமதியின் மெயில்கள் யாருடையவை?

துபாய் சத்வாவில் எங்கள் ரூமுக்குக் கீழே ஒரு டெய்லர் கடை. காலையில் ட்யூட்டிக்குக் கிளம்பும்போதே இஸ்திரிப் பெட்டியின் ஆவி வாசனை படியேறி வந்துவிடும்...

அன்றும் அந்த வாசனையோடுதான் கிளம்பினேன்.

இரண்டாயிரங்களின் கடைசி அது. பணநெருக்கடியில் துபாய் சைட்டுகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். ரூமில் கம்ப்யூட்டர் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து என் மனைவி சுமதி அனுப்பும் மெயில் எல்லாம் ஆபீஸ் முகவரிக்குத்தான் வரும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தங்கிலீஷில் தட்டுவாள். இட்லி மாவு புளித்தது, உப்புமா கிண்டியது, மழை பெய்தது... பையன் முதன்முதலாக எழுதிய 'அ'வைக்கூட ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தாள். அவளுடைய இன்பாக்ஸ் சின்னது. அனுப்பிய கையோடு அழித்துவிடுவாள்.

ஆபீஸ் போனதும் ஹெச்.ஆரில் கூப்பிட்டார்கள். வேலை கலாஸ், முடிந்தது.

சீட்டுக்குத் திரும்பி வந்து பாஸ்வேர்டைப் போட்டால் உள்ளே விடவில்லை. தப்பாக அடிக்கிறேனோ என்று மறுபடி மறுபடி அடித்தேன்.

ஐ.டி.யில் இருந்த இம்ரான் பாயிடம் போனேன். "பாய், மேரா பீவி கா மெயில் ஹை," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "கம்பெனி கா மெயில் ஹை, பாய்," என்றார். ஆனாலும் எனக்காக மேலே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "மாஃபி." கிடையாது என்று அர்த்தம்.

கோபம்கூட வரவில்லை. புரியவில்லை, அவ்வளவுதான். என் பெண்டாட்டி எனக்கு எழுதியது எப்படிக் கம்பெனியுடையதாகும்?

போனில் சொன்னபோது அவளுக்கும் புரியவில்லை. "நான் உப்புமா கிண்டினதை வெச்சுக்கிட்டு அவங்க என்னங்க பண்ணுவாங்க?"

சில மாதம் கழித்து தோஹாவில் வேலை கிடைத்தது. அங்கே ரூம்மேட் ரவி, நெட்வொர்க் வேலை பார்ப்பவன். என் கதையைக் கேட்டுவிட்டு, "மெயிலை நம்ம ரூம்லயே வெச்சுக்கலாம்ணே," என்றான். பழைய சி.பி.யு. ஒன்றைக் கட்டிலுக்கடியில் வைத்து எதையெதையோ தட்டினான். அவன் விளக்கியதில் பாதி எனக்கு ஏறவில்லை. ஆனால் எந்தக் கம்பெனியும் மூட முடியாத ஒரு முகவரி, என் பெயரில் வந்தது.

"இது உங்க புதுக் கம்பெனியோடதா?" என்று கேட்டாள் சுமதி.

"இல்ல. நம்மளோடது."

"அப்போ வேற யாரும் படிக்க மாட்டாங்கல்ல?"

மறுநாள் வந்த மெயில் அவ்வளவு நீளம்... மாவும் இல்லை, மழையும் இல்லை. எனக்கு வேலை போன அன்று கொல்லையில் நின்று அழுதது, என் அம்மாவோடு தனியாகக் காலம் தள்ளுவது... அதற்கு முன் இதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஆபீஸ் மெயிலை யாரோ படிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அதுவரை எழுதியிருக்கிறாள்.

அப்படியென்றால் துபாயில் நான் பறிகொடுத்தது எதை? இன்றுவரை விளங்கவில்லை.

ஊரோடு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ரவி வைத்துக் கொடுத்த மெஷின் மாறி மாறி, இப்போது ஒரு சின்னப் பெட்டியாக அலமாரியில் ஓடுகிறது. "எதுக்குப்பா இந்தத் தொல்லை, க்ளவுட்ல போட்டுடுங்க," என்கிறான் மகன். சுமதி அந்த முகவரிக்கு மெயில் அனுப்பியும் வெகுகாலம் ஆகிறது...

போன் டிங் என்கிறது. அடுத்த அறையிலிருந்து அவள் அனுப்பிய மெசேஜ்தான். 'சாப்பிட வாங்க.'

இந்த இரண்டு வார்த்தை எந்த நாட்டில், யாருடைய கம்ப்யூட்டரைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்ததோ... யோசித்துக்கொண்டே எழுந்து போகிறேன்.