ஓயாமல் வடிந்த இடது கண்

என் இடது கண் ஓயாமல் வடியும். நான் அழவில்லை என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கீழவாஞ்சூரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் நிலக்கரித் தூசி என்றார்கள். விளக்கெண்ணெய் விடச் சொன்னார்கள். டவுனில் கண் டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார்: கண்ணிலிருந்து மூக்குக்குத் தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். என் கணவருக்கு அது வெட்டிச் செலவு. "கண்ணு நல்லாத்தான தெரியுது? அப்பறம் என்ன?" என்றார். அவர் கண் வடிந்திருந்தால் மறுநாளே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்.

கோபம் வந்தால் இன்னும் கொட்டும். மளிகைக் கடையில் எடை குறைகிறது என்று சண்டைக்குப் போனால், "அழாதீங்கக்கா, கூடப் போட்டுத் தர்றேன்" என்பார் கடைக்காரர். இரக்கம் காட்டுவார், தப்பை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் ஒரு சண்டையிலும் ஜெயித்ததில்லை.

மகள் பிளஸ் டூ முடித்ததும் என் கணவரின் அண்ணன் ஒரு வரனோடு வந்தார். அவளுக்கோ நர்சிங் படிக்க வேண்டும். கணவரிடம் பேசிப் பார்த்துத் தோற்றேன். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி, "தட்டு மாத்தும்போது எல்லார் முன்னாடியும் வேணாம்னு சொல்லிடுறேன், நீ தூங்கு" என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

மறுநாள் கூடம் நிறைய உறவுக்காரர்கள். வெற்றிலை, பாக்கு, பூ, பழம் வைத்த தட்டோடு பெரியவர்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். "எனக்கு இதுல" என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வருவதற்குள் ஆத்திரத்தில் கண் பொலபொலவென்று கொட்டியது. மாப்பிள்ளையின் அம்மா ஓடிவந்து தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"பொண்ணக் குடுக்குற தாய்க்கு அழுக வராம இருக்குமா? எம் பொண்ணாட்டம் பாத்துக்குறேங்க."

"தாய் மனசு நெறஞ்சிடுச்சு. தட்ட மாத்துங்கப்பா" என்றார் கணவரின் அண்ணன். மாற்றிவிட்டார்கள். ஒருத்தர்கூட என் வாயைப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்துப் போன மாதம்தான் ஆபரேஷன் நடந்தது. மகள்தான் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். மூக்கோரத் தையலுக்கு மருந்து வைக்க ஒரு நர்ஸ் வந்தாள், மகள் வயதுதான் இருக்கும். மகள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் போனதும் கேட்டேன். "அன்னைக்கு நீயாவது வெளிய வந்து மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்லடி?"

"சொல்லத்தான் வாசப்படி வரைக்கும் வந்தேன். நீ மனசு மாறி சந்தோசத்துல அழுதுகிட்டு நின்ன. கெடுக்க மனசு வரலம்மா."

"ஊருக்குத்தான் தெரியாது. எங் கண்ணு வடியும்னு ஒனக்குமாடி தெரியாது?"

"இடது கண்ணுன்னா தெரியாதா? அன்னைக்கு ரெண்டு கண்ணும்ல அழுதுச்சு."

ஆபரேஷன் ஆன இடது கண் காய்ந்து சுத்தமாக இருந்தது. வலது கண்ணை அவள் பார்த்துவிடாதபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.