தரையிலிருந்து முப்பத்தாறு அங்குலம்

என் தங்கை துணிக்கடையில் அளவு திருத்தித் தரும் தையல்காரி. நான் ஐந்தாவதோடு நின்றவள், அவள் எட்டு வரை போனாள். கையில் டேப் இருந்தால் அவள் கணக்கு தப்பாது. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, நானே சரிபார்த்திருக்கிறேன்.

அவள் மகள் பொடிசு இரண்டாம் வகுப்பில் சேர்ந்த இரண்டே மாதத்தில் மூன்று முறை காய்ச்சல். தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்குகிறாள், இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார் டாக்டர். மறுநாள் தங்கை தண்ணீர் பாட்டிலில், தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சிவப்பு நூல் கட்டி அனுப்பினாள். சாயங்காலமும் தண்ணீர் நூலோடு ஒட்டியே நின்றது.

டீச்சர்தான் வெளியே விடுவதில்லை என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். காலையில் பள்ளி வாசலில், மற்ற அம்மாக்கள் பார்க்க, கேட்டேவிட்டாள்.

"உங்க பிள்ளையா இருந்தா இப்படி அடக்கி உக்கார வைப்பீங்களா?"

டீச்சரின் முகம் சுருங்கியது. தான் யாரையும் தடுத்ததில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று பொடிசு என்னிடம்தான் வாய் திறந்தாள். "பெரியம்மா, அங்க பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்ல. பசங்க தள்ளித் தள்ளிப் பாக்குறாங்க."

கேட்டதும் தங்கை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வாய் முந்திடுச்சுக்கா" என்றாள்.

மறுநாள் நேரம் கேட்டு வகுப்பறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். டீச்சர் சரி என்றார், ஆனால் முகம் தெளியவில்லை. தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். என் கையெழுத்து அடக்கமாக இருக்கும், அதனால் கடிதத்தை நான்தான் எழுதினேன். தேதி, வகுப்பு, காய்ச்சல் வந்த மூன்று நாட்கள், டாக்டர் சீட்டின் நகல், தேவை ஒரு தாழ்ப்பாள். யார் மீதும் குறை எழுதவில்லை. ஒரு பிரதி எங்களிடம் வைத்துக்கொண்டோம்.

நான்காம் நாள் தாழ்ப்பாள் வந்தது. ஆனால் பாட்டிலில் தண்ணீர் இறங்கவில்லை. தங்கை போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"தச்சர் தன் தோளுக்கு அளவெடுத்து மாட்டியிருக்காருக்கா. நான் இப்படித் தைச்சா கடையில ஒரு நாள் வெச்சிருப்பாங்களா?"

இந்த முறை அவள் வாசலில் வாய் திறக்கவில்லை. டீச்சரிடம் அனுமதி வாங்கி, ஒன்றாம் வகுப்பிலேயே குட்டையான பிள்ளையை நிறுத்தி, கை எட்டும் உயரத்தை அளந்தாள். தரையிலிருந்து முப்பத்தாறு அங்குலம் என்று இரண்டாவது கடிதத்தில் எழுதினோம். தலைமையாசிரியை அவளிடமே டேப்பை வாங்கி, கதவில் கோடு போட்டு, பக்கத்தில் நின்று மாற்றவைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை பாட்டில் காலியாக வந்தது. தங்கை அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அதே வாசலில், அதே அம்மாக்கள் நிற்கும்போது டீச்சரை நிறுத்தினாள்.

"டீச்சர், அன்னைக்கு இங்க வெச்சுத்தான் தப்பாப் பேசினேன். அதான் இங்கயே சொல்றேன், தப்பு என்னோடதுதான்."

டீச்சர் பொடிசின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, நூலைச் சரியாக இழுத்துவிட்டு, அவளைக் கையோடு உள்ளே அழைத்துப் போனார்.