டாஃப்னி பெயரில் வந்த குரல்

மினிபஸ்ஸில் ஒலித்தது தன் குரல்தான் என்பதில் வெர்னீஸ் டல்லக்குக்குச் சந்தேகமே இல்லை. யாரோ வெளிநாட்டுப் பெண்ணின் பாட்டு அது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம் முழுக்க அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே ஒரு பழைய ரெக்கே இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்த வரி, வேகம் கூட்டப்பட்டு, திரும்பத் திரும்ப வந்தது.

பக்கத்து வீட்டு ஜாய்ஸ்லினிடம் சொன்னதற்கு, "எலி கத்துற மாதிரி இருக்கே, அதுவா நீ?" என்று சிரித்தாள். வெர்னீஸ் தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சீருடையை மடித்து வைத்துவிட்டு, சர்ச்சுக்குப் போடும் தொப்பியை மாட்டிக்கொண்டு ஆரஞ்சுத் தெருவிலிருந்த இசைத்தட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

அந்தத் தட்டை வெளியிட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இப்போது மகன் கார்லனிடம். தட்டை அவன் மறுபடி அச்சடிக்கப் போவதாக ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். பாடியவர் டாஃப்னி என்று அதில் இருக்கும். டாஃப்னி அவனுடைய அம்மா. அந்தக் காலத்தில் முதலாளிக்கு யார் வேண்டியவரோ அவர் பெயர்தான் தட்டில் ஏறும். பாடினவள் வாய் திறந்தால் அடுத்த பாட்டு கிடைக்காது. வெர்னீஸும் திறக்கவில்லை.

கார்லன் மரியாதையாகவே நாற்காலி போட்டான். ஆனால் அது தன் குரல் என்று சொல்லி வந்த மூன்றாவது ஆள் நீங்கள் என்றான்.

"அம்மா குரல்னு கேட்டே வளந்தவன் நான், மிஸ் வெர்னீஸ்."

"தெரியும் மகனே. தட்டைப் போடு. விரலை வச்சு மெதுவா ஓட விடு. இப்ப என் குரல் அவ்வளவு மேல ஏறாது."

டான்ஸ்களில் தட்டு சுழற்றிப் பழகிய கை அவனுடையது. விரல் விளிம்பைத் தொட்டதும் பாட்டு கனத்து, கீழே இறங்கியது. வெர்னீஸ் கூடவே பாடினாள். மூன்றாவது வரியில் ஒரு சொல்லின் நடுவே தட்டிலிருந்த பெண் மூச்சு வாங்கினாள்; அதே இடத்தில் வெர்னீஸும் வாங்கினாள். தட்டிலும் நாற்காலியிலும் ஒரே குரல்தான்.

"அப்ப நான் ஏழு மாசக் கர்ப்பிணி. மூச்சு நிக்கல. திரும்பப் பாடுறேன்னேன், டேப் வீணாகும்னு உங்கப்பா விடல. உங்கம்மா பக்கத்துல நின்னு கை தட்டினாங்க. கேளு, அந்தக் கைத்தட்டு அவங்களோடது."

அவன் ஊசியைத் தூக்கி, மறுபடி முதலிலிருந்து வைத்தான். இந்த முறை கைத்தட்டை மட்டும் கேட்டான். பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கினான். 

"அம்மா பேரை எடுக்கணுமா?" என்றான் கடைசியில்.

"எதுக்கு எடுக்கணும்? கைத்தட்டுனு போடு. பாட்டுக்கு என் பேரைப் போடு."

பெயர்களை மாற்றச் சொல்லி அச்சகத்துக்கு அவன் போன் பண்ணி முடிக்கிறவரை அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.