அண்ணி மேல் போட்ட கேஸ்

கோர்ட்டுக்குப் போகிற நாள்களில் எங்களுக்குக் காலை இட்லி என் ஓரகத்தி அக்கா வீட்டிலிருந்து வரும். என் வீட்டுக்காரர் கேஸ் போட்டிருந்ததே அவர் மேல்தான்.

அம்மன் கோவில் அன்னதான சங்கத்துக்குத் தலைவராக இருந்த இவருடைய அண்ணன் காலமானதும், துணைத்தலைவரான தான்தான் அடுத்த தலைவர் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பெண்கள் கூடி அண்ணியை உட்காரவைத்துவிட்டார்கள். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் உசுப்பேற்றிவிட, இவர் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். அண்ணிக்குக் குமட்டும் என்று இவர் ஓடிப்போய் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொடுப்பார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தபோது, இவரைக் கூண்டில் ஏற்றி, அண்ணியின் வக்கீல் கேட்டார்: “உங்க அண்ணன் படுக்கையில இருந்தப்ப சங்கத்தைப் பார்த்துக்கிட்டது யாரு?”

“அண்ணிதான் சார். அவங்க இல்லாங்காட்டி அடுப்பே எரிஞ்சிருக்காது.”

இவருடைய வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கோ, கட்டினால் இப்படிப்பட்ட ஆளைத்தான் கட்ட வேண்டும் என்று பெருமையாக இருந்தது.

கடைசியில், உறுப்பினர்கள் ரகசியமாக ஓட்டுப் போட்டுத் தலைவரை முடிவு செய்யட்டும் என்று உத்தரவு வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. இவர் ஜெயித்தால் அக்கா சமையல்கூடத்துக்கு வரமாட்டார், தோற்றால் இவர் வரமாட்டார். எப்படிப் பார்த்தாலும் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிடும். யோசித்துப் பார்த்து, இவரே சொன்னபடி அக்கா இல்லாமல் அடுப்பு எரியாதே என்று, கூசாமல் அக்காவுக்கே குத்திவிட்டு வந்தேன்.

அக்கா இரண்டே ஓட்டில் ஜெயித்தார். முதல் மாலையை இவர்தான் போட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபடியே கேட்டார்: “நீ யாருக்குப் போட்ட?”

“அக்காவுக்குத்தான். இன்னா இப்போ?”

விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

“அப்போ நாம ரெண்டு பேரும் எனக்கே போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன் இல்ல?”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு சிரித்துச் சிரித்து வயிறே வலித்துவிட்டது.

“கம்பெனி ஆளுங்க யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத,” என்றார். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய்கறி வாங்க அண்ணி கூப்பிட்டிருக்கிறார் என்று, கழற்றிய சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.