பைண்டிங்குக்குப் போன புத்தகம்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில் காஜா பேராங் வாசகசாலையைக் கவனித்தவர் கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன் அங்கே குடியேறிய தமிழ் வம்சம். பேச்சு மலாய், நடுவே கொஞ்சம் தமிழ். கையில் எப்போதும் கோந்துக் கிண்ணம். கிழிந்த புத்தகத்தைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மறுநாள் எனக்கு வயர்மேன் பரீட்சை. மின்சாரம் பற்றிய ஆரம்பப் பாடநூல் அங்கே ஒன்றுதான் இருந்தது. அதை வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி.

“ஒரு ராத்திரிக்குத்தான், ஐயா.”

“பைண்டிங்குக்கு மட்டும்தான் வெளியே போகும், தம்பி.”

“இது நன்றாகத்தானே இருக்கிறது?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு அட்டையைப் பிய்த்தார். “கோயாக்! கிழிஞ்சிருச்சு. பைண்ட் பண்ணிக் கொண்டு வா.”

எனக்கு மூச்சு வந்தது, பரீட்சையிலும் தேறினேன். பிறகு ஓய்வு பெறும்வரை அரசாங்க விதிகளோடுதான் குடித்தனம். விதியை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த இன்னொருவரை நான் பார்க்கவில்லை.