தம்பி வீடு வரை ஓடினேன்

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். கடையில் சாமான் சீட்டு எழுதுவதைத் தவிர எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதப் போவதும் பெரிய விஷயமில்லை. ஓடியதைப் பற்றி. பந்தயத்தில் அல்ல, சும்மா ஓடியது.

அரிமளத்தில் எங்களுக்கு ஒரு சிறிய மளிகைக்கடை. நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற வேலை. சர்க்கரை வந்துவிட்டது, நடங்கள் என்றார் டாக்டர். தெருப் பெண்கள் இரண்டு பேரோடு கண்மாய்க்கரையில் விடியற்காலையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மூவரும் கோயில் மண்டபத்தை நோக்கி ஓடினோம். அவர்கள் இருவரும் பாதியில் நின்று நனைந்தபடி நடந்தார்கள். நான் மட்டும் மண்டபம் வரை ஓடிவிட்டேன். உள்ளே போய் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அன்றுதான் ஓடியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதன்பின் நடையை விட்டு ஓட ஆரம்பித்தேன். சென்னையில் இருக்கும் மகள் ஷூ வாங்கி அனுப்பினாள். சுடிதார்மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வேன். தாலி குதித்துக் குதித்து நெஞ்சில் அடித்தது. அதை உள்ளே தள்ளி ஊக்குக் குத்திக்கொண்டேன். பொட்டு வைத்தால் வியர்வையில் வழிந்து கண்ணில் இறங்கியது. குளித்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் காரணமில்லாமல் யாரும் ஓடுவதில்லை. ரோட்டில் ஓடினால் பைக்கை நிறுத்தி, "என்னக்கா ஆச்சு? ஏறுங்க, கொண்டாந்து விட்டுர்றேன்" என்பார்கள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றால் நம்ப மாட்டார்கள். ஒரு பால்காரர், பஸ் இன்னும் வரவில்லை, மெதுவாகப் போங்கள் என்று தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குக் கூச்சப்பட்டே கரையைவிட்டு வெளியே வராமல் ஓடினேன்.

எல்லா நாளும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். குதிகால் வலி வந்து ஒரு மழைக்காலம் முழுக்கக் காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி ஆரம்பித்த சில வாரத்தில் கரைச் சரளையில் வழுக்கி விழுந்தேன். உள்ளங்கையும் முழங்காலும் தோல் உரிந்துவிட்டன. வீட்டுக்காரர் டெட்டால் ஊற்றித் துடைத்துவிட்டார். அவருடைய அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்து, படுத்த படுக்கையாகக் கிடந்து போனவர். பஞ்சைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்.

"இன்னொருக்க இப்புடி ஏதாச்சும் ஆச்சுன்னா இதோட நிறுத்திரணும். சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது? ஆனால் அந்த வார்த்தை அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் என்கூடவே ஓடியது. சர்க்கரை குறைந்தது உண்மை. ஓட்டம் நின்றுவிடுமோ என்று நான் பயந்தது அதற்காக மட்டும் இல்லை. ஒரு நாளில் யாரும் என்னிடம் கால் கிலோ, அரைக் கிலோ என்று எதையும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். அது போய்விடக் கூடாது.

தைலமரக் காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில் தம்பி வீடு. அதுவரை ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். போ, கடையைத் திறந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து கூட்டி வருகிறேன் என்றார். போனை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கையில் கனக்கும் என்று வைத்துவிட்டுப் போனேன். தம்பிக்குச் சொல்லவில்லை. பாதியில் திரும்பிவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் போகட்டும் என்று நினைத்தேன்.

பாதியில் திரும்பவில்லை. தைலமரக் காட்டுக்குள் ரோடு ஏற்றமாக இருந்தது. அங்கே ஒரு தடவை நின்றுவிடலாம் என்று தோன்றியது. இலை வாசனையை இழுத்துக்கொண்டு அந்தக் கல்வரை, இந்த மரம்வரை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். ஏற்றம் முடிந்ததும் ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கால் தானாக வேகம் எடுத்தது. தெருவுக்குள் நுழைந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

தம்பி பெண்டாட்டி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வாளி கையிலிருந்து விழுந்தது.

நான் அப்போது எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. கொண்டை அவிழ்ந்து முடி விரிந்து கிடந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலி தெரியவில்லை. மேலே அவருடைய சட்டை. விடிந்தும் விடியாத நேரத்தில் ஓடி வந்து நிற்கிறேன்.

"மதினி, அண்ணனுக்கு என்னாச்சு மதினி?"

முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்திருந்தேன். மூச்சு வாங்கியது. பேச்சு வரவில்லை. ஒன்றுமில்லை என்பதற்குக் கையை விரித்துக் காட்டினேன். அவ்வளவுதான். ஓவென்று ஒரே கத்தாகக் கத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண் பால் கறந்த கையோடு ஓடி வந்தாள். எதிர்வீட்டிலிருந்து மூன்று பேர். கட்டிப்பிடித்து, என்னை நடுவில் வைத்து வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கத் திறக்க, அழு தாயி, அடக்காதே என்று முகத்தை நெஞ்சோடு சேர்த்து அழுத்தினார்கள். ஒருத்தி ஒப்பாரி எடுத்துப் பாடவே ஆரம்பித்துவிட்டாள். "தட்டுத் தாழ நிறுத்துப் போட்ட தங்கமே, சில்லறையில்லன்னா சிரிச்சு விட்ட சீமானே" என்று அவள் பாடப் பாட, எனக்கே அழுகை வந்துவிட்டது.

தம்பி பிரஷ்ஷும் வாயுமாக வெளியே வந்தவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். பிறகு என் வீட்டுக்காரர் நம்பரையே அழுத்தினான். பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது எடுப்பார்கள் என்று நினைத்திருக்கிறான். ஸ்பீக்கரில் அவர் குரலே வந்தது.

"என்னா மாப்ள, அக்கா வந்துருச்சா?"

"அத்தான்... நீங்களா?"

"பின்ன யாரு எடுப்பா? ஆமா, அங்கிட்டு என்ன அழுகைச் சத்தம்? யாரு வீட்ல கேதம்?"

பாடிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். தம்பி எங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்தான்.

"இல்லத்தான். டிவி" என்றான்.

பால் கறந்த பெண்தான் முதலில், "ஏம்மா, ஓடி வாரவ ஒரு பொட்டாச்சும் வச்சுக்கிட்டு வரக் கூடாதா?" என்றாள். அவள் சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும். தம்பி பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. விசும்பிக்கொண்டே வாசலை மறுபடி சாணித் தண்ணீர் போட்டுக் கழுவினாள். சூடம் கொளுத்தினாள். வந்த அத்தனை பேருக்கும் காப்பி போட்டாள். பிறகு என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, நெற்றி வலிக்கும்படி அழுத்தி ஒரு குங்குமம் வைத்தாள்.

என் நினைப்பெல்லாம் நான் கொடுத்த வார்த்தையில் இருந்தது. இதைவிடப் பெரிய 'ஏதாச்சும்' வேறென்ன இருக்க முடியும்? அவர் மொபெட்டில் வந்து இறங்கியபோது ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாடிய பெண் நழுவிவிட்டாள். திரும்பும் வழியில் அவரிடம் நானே சொல்லிவிட்டேன். மறைக்கத் தெரியாது எனக்கு. தைலமரக் காட்டில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இனி ஓடாதே என்றுதான் சொல்லப் போகிறார் என்று நின்றேன்.

"என்னன்னு சொல்லி அழுதாங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். தராசுத் தட்டுத் தாழ நிறுத்தது, சில்லறை. திரும்பவும் சொல்லச் சொன்னார். பாடியது யார் என்று கேட்டார். எப்போதாவது கடைக்கு வந்து புளியும் மிளகாயும் வாங்கிப் போகிறவள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார். எங்கள் கடையில் அவரை யாரும் இதுவரை ஒரு வார்த்தை நன்றாகச் சொன்னதில்லை. எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை.

வண்டியைக் கிளப்பிய பிறகுதான் சொன்னார். "ஓடுறது ஓடு. தாலிய வெளிய போட்டுக்கிட்டு ஓடு. நான் இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். பாதி கறந்த மாட்டை விட்டுவிட்டு ஓடி வந்த அந்தக் கை ஞாபகம் வந்தது. பால் வாசனை என் சட்டையில், அதாவது அவர் சட்டையில், இன்னும் இருந்தது. யாருக்கு என்று தெரியாமல் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் குதிகால் வலித்தது. ஓடவில்லை. உளுந்து மூட்டை வந்தது, இருவரும் இறக்கி வைத்தோம்.